கேள்வி–பதில்: இன்ஜின் வேலைக்கு எந்த ஸ்பேரை நம்பி வாங்குவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் இன்ஜின் வேலை பற்றிய கேள்விகள்தான் அதிகம். அதனால் ஏசி, டயர், மைலேஜ் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்ஜின் போய்விட்டது என்றால் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய அடி, அந்தப் பதற்றத்தில்தான் தப்பான ஸ்பேரும் உள்ளே போய்விடுகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், என்னிடம் இருப்பது 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். ஆயில் லைட் எரிந்ததைக் கவனிக்காமல் தம்பி வண்டியை வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது இன்ஜினுக்குள் டக் டக் என்று அடிக்கிறது. மெக்கானிக் இறக்கிப் பார்த்துவிட்டு, ஒரு சிலிண்டரில் பிக் எண்ட் பேரிங் சுற்றிவிட்டது, கிராங்க்கில் கோடு விழுந்திருக்கிறது என்கிறார். கம்பெனி ஸ்பேர் போட்டால் ஒரு ரேட், வெளி ஸ்பேர் போட்டால் கிட்டத்தட்ட பாதி என்கிறார். எந்த பிராண்ட் வாங்கட்டும்?
– வாசகர், நாமக்கல்

பதில்: பிராண்டுக்கு அப்புறம் வருகிறேன். ஆயில் லைட் ஏன் எரிந்தது என்று மெக்கானிக் சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பிக் எண்ட் பேரிங் என்பது, பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்க்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) பிடிக்கும் இடத்தில் இருக்கும் மெல்லிய உலோக ஓடு. அது போனது விளைவுதான், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் உலகத்திலேயே உசத்தியான பேரிங்கைப் போட்டாலும் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஆயில் குறைந்து போயிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயில் உறிஞ்சும் இடத்தில் உள்ள வடிகட்டி) அடைத்திருக்கலாம். சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இப்போது கழற்றித்தான் இருக்கும், நீங்களே நேரில் போய் அந்த ஸ்ட்ரெய்னர் வலையை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் பிசுக்கு மட்டும் இருந்தால் ஆயில் காலத்தில் மாற்றப்படவில்லை என்று அர்த்தம். பிசுக்கோடு சேர்ந்து, ரப்பர் மாதிரி இழுத்தால் நீளும் சாம்பல் நிறத் துணுக்குகளும் ஒட்டியிருந்தால், அது முன்பு யாரோ சம்ப்பை ஒட்டும்போது தாராளமாகப் பிதுக்கிவிட்ட சிலிக்கான் பேஸ்ட். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும், உள்பக்கம் பிதுங்குவது தெரியாது. அது காய்ந்து, உதிர்ந்து, நேராக ஸ்ட்ரெய்னரில் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல இன்ஜின்கள் பல இப்படித்தான் செத்திருக்கின்றன.

அடுத்தது, அரைபட்ட பேரிங் உலோகம் எங்கே போனது என்ற கேள்வி. ஆயிலோடு சேர்ந்து இன்ஜின் முழுக்கச் சுற்றியிருக்கிறது. பிளாக்கில் உள்ள ஆயில் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, நீள பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடிக்க வேண்டும். ஆயில் கூலரை மட்டும் கழுவிப் போடச் சம்மதிக்காதீர்கள். அதன் உள்ளே தட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தூள் எந்த டீசலுக்கும் தின்னருக்கும் வெளியே வராது, புது இன்ஜின் ஓடி நாலு நாள் கழித்து நிதானமாக வரும். கூலர் புதிதாகத்தான் போட வேண்டும். டர்போவின் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அதற்கு ஆயில் போகும் மெல்லிய பைப்பையும் மாற்றிவிடுங்கள். கூலர், பைப் இரண்டையும் எந்த எஸ்டிமேட்டிலும் எழுத மாட்டார்கள், நீங்கள் கேட்டால்தான் உண்டு.

மூன்றாவது, அளவு. கடைக்குப் போய் செட்டை வாங்கி வந்து வைத்துவிட்டு அப்புறம் லேத்துக்கு அனுப்புவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, அது முழுக்கத் தலைகீழ். கிராங்க் முதலில் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதியை) இரண்டு திசையில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கோடு ஆழமாக இருந்தால் 0.25 மி.மீ. குறைத்து கிரைண்ட் செய்து அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவார்கள். ஆனால் எல்லா கிராங்க்கையும் அப்படிக் குறைக்க முடியாது. சிலவற்றில் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும், கிரைண்ட் செய்தால் அந்தத் தோல் போய்விடும். உங்கள் இன்ஜினுக்கு அண்டர்சைஸ் பேரிங்கைத் தயாரிப்பாளர் பட்டியலில் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். போட்டிருந்தால் குறைக்கலாம், இல்லையென்றால் வேறு கிராங்க்தான்.

பேரிங் சுற்றிய அந்தக் கனெக்டிங் ராடையும் சும்மா விடாதீர்கள். சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ, அதன் பெரிய துளை வட்டம் மாறியிருந்தாலோ, புது பேரிங்கை அது இறுக்கிப் பிடிக்காது. இப்போதைய இன்ஜின்கள் பலவற்றில் ராடின் கேப் அறுத்து எடுத்ததல்ல, உடைத்துப் பிரித்தது. அந்த வகையில் கேப்பைத் தேய்த்துத் துளையைச் சரிசெய்யும் பழைய வித்தை செல்லாது, ராடையே மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் முடிந்து, எந்த சைஸ் வேண்டும் என்று கையில் ஒரு தாள் இருக்கும்போதுதான் ஸ்பேர் வாங்கப் போக வேண்டும். இப்போது பிராண்டுக்கு வருவோம்.

கார் கம்பெனி எதுவும் தன் இன்ஜினுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. ரிங், பேரிங், வால்வு, கேஸ்கட் எல்லாம் அந்தந்தத் துறையில் இருப்பவர்கள் செய்து கொடுப்பது. இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடமே உண்டு: சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், மறைமலை நகரில் ஐ.பி. ரிங்ஸ், கோயம்புத்தூரில் பைமெட்டல் பேரிங்ஸ், வால்வுக்கு ரானே. வெளியே பார்த்தால் கோட்ஸே ரிங், ஸ்ரீராமின் உஷா பிஸ்டன், ஜெர்மனியின் மாலே, கோல்பென்ஷ்மிட், பேரிங்கில் கிளைக்கோ. இப்படிப்பட்ட தயாரிப்பாளர்கள் ஒரு பக்கம் கார் கம்பெனிக்கு சப்ளை செய்வார்கள், இன்னொரு பக்கம் தங்கள் சொந்தப் பெட்டியில் கடைக்கும் அனுப்புவார்கள். கார் கம்பெனி பெட்டியில் வருவதைவிட இது பெரும்பாலும் விலை குறைவு. ஆக, வெளி ஸ்பேர் என்ற ஒரே வார்த்தைக்குள் இந்த மாதிரி முதல்தரச் சரக்கும் அடங்குகிறது, யார் செய்தது என்றே தெரியாத லோக்கல் செட்டும் அடங்குகிறது. பாதி ரேட் சொன்ன மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பார்ட் நம்பர் என்பதைத்தான். அவர் பெயர் சொல்லத் தயங்கினால் அந்த செட் வேண்டாம்.

உங்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. உங்கள் 1248 சிசி இன்ஜின் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். ஸ்விஃப்ட்டில் மட்டுமல்ல, டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லீனியா என்று பல வண்டிகளில் ஓடியது. அதனால் உள்பாகங்கள் பல பெட்டிகளில் கிடைக்கும், விலை விசாரிக்க இடம் உண்டு. ஆனால் இன்ஜின் ஒன்றுதானே என்று கண்ணை மூடி வாங்கிவிடாதீர்கள். 75 குதிரைசக்தி, 90 குதிரைசக்தி என்று இரண்டு வகை வந்திருக்கிறது, டர்போ முதலான சில பாகங்கள் வேறு. சேஸிஸ் நம்பரின் 17 எழுத்தையும் கொடுத்து பார்ட் நம்பரை எடுத்து, அதை வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

பணத்தை எங்கே இறக்குவது, எங்கே பிடிப்பது? நான் எல்லாருக்கும் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தப் பாகம் நாளைக்குப் போனால் இன்ஜினை மறுபடி இறக்க வேண்டுமா? ஆமாம் என்றால் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேரிங், ரிங், பிஸ்டன், ஆயில் பம்ப், ஹெட் கேஸ்கட், கிராங்க் சீல், ராடு போல்ட், ஹெட் போல்ட் எல்லாம் அந்த வகை. டைமிங் செயினையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், செயின் மட்டுமல்ல, டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாம் ஒரே தயாரிப்பாளரின் ஒரே கிட்டாக. இந்த இன்ஜினில் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது, பிரஷர் விழுந்த இன்ஜினில் அது எவ்வளவு அடி வாங்கியிருக்கும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இன்ஜின் மவுண்ட், ஹோஸ், ஆல்டர்னேட்டர் பெல்ட் போன்றவை வெளியிலிருந்தே மாற்றக்கூடியவை, பழையது நன்றாக இருந்தால் ஓட்டிக்கொள்ளுங்கள், கை இறுக்கமாக இருந்தால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். இங்கே வண்டி வேலையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மெக்கானிக் அண்ணன் பெட்டி பெட்டியாகக் காட்டி எல்லாம் ஒரிஜினல்தான் தங்கச்சி என்கிறார். அவரைச் சந்தேகப்படவும் மனசு வரவில்லை, ஆனால் டூப்ளிகேட் பற்றிக் கேள்விப்படுவதெல்லாம் பயமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அவரைச் சந்தேகப்பட வேண்டிய அவசியமே இல்லை, தங்கச்சி. கடைக்காரர் மெக்கானிக்கையும் ஏமாற்றலாம் இல்லையா. சரிபார்ப்பது உங்கள் இருவருக்கும் நல்லது என்றே பேச்சைத் தொடங்குங்கள்.

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது லேபிள். பாக்கெட்டில் விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. இதில் ஒன்று குறைந்தாலும் கேள்வி கேளுங்கள். ஹாலோகிராம் இருக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள், அதையும் அச்சடிக்க ஆள் இருக்கிறது. கியூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்து, அது தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்துக்குத்தான் போகிறதா, அதில் காட்டும் பார்ட் நம்பரும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

ஆனால் பெட்டியைவிட உள்ளே இருக்கும் பொருள் அதிகம் பேசும். பேரிங்கை எடுத்து முதுகுப் பக்கம் திருப்புங்கள். தயாரிப்பாளரின் குறியும் சைஸும் அழுத்தமாக, ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். ஸ்டாண்டர்டு என்றால் எஸ்.டி.டி., இல்லையென்றால் 0.25, 0.50 என்று இருக்கும், அது லேத்காரர் எழுதிக் கொடுத்த சைஸோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தடவினால் பிசிறு தட்டக் கூடாது. ஆயில் துளை நடுவில் சுத்தமாக இருக்க வேண்டும். பிஸ்டன் நான்கையும் சமையலறைத் தராசில் வைத்தாலே போதும், ஒன்றுக்கொன்று சில கிராம்தான் வித்தியாசம் இருக்கலாம், அதற்கு மேல் போனால் அந்த செட்டைத் திருப்பிக் கொடுங்கள். ரிங்கில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதற்கு 'டாப்' என்றோ ஒரு புள்ளியோ இருக்கும். ஆயில் ஃபில்டரில் உள்ளே எட்டிப் பார்த்தால், வெளி வட்டத்துளைகளை மூடியபடி ஒரு ரப்பர் வளையம் தெரியும். வண்டி நின்றபின் ஆயில் வடிந்துவிடாமல் தடுப்பது அதுதான். எந்த இன்ஜின்களில் ஃபில்டர் படுத்தோ கவிழ்ந்தோ உட்கார்கிறதோ அதில் இது கட்டாயம் வேண்டும், போலி ஃபில்டரில் இது இருக்காது அல்லது பெயருக்கு இருக்கும்.

பழைய பாகங்கள் எல்லாவற்றையும் வேலை முடியும் வரை தூக்கிப் போடாமல் ஒரு சாக்கில் வைத்திருக்கச் சொல்லுங்கள். புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் போல எளிய சோதனை வேறு இல்லை. உயரம், துளை, பள்ளம், எடை எதில் மாறினாலும் உடனே தெரிந்துவிடும்.

ஒன்று ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். நம் ஊரில் மெக்கானிக்கின் கூலியைப் பேரம் பேசிப் பேசிக் குறைத்துவிடுகிறோம், அவர் குடும்பம் ஓடுவது ஸ்பேரில் கிடைக்கும் கமிஷனில். கமிஷன் அதிகம் எங்கே? பெயர் தெரியாத சரக்கில். அதனால் நீங்கள் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கூலியைக் கூட்டி வாங்கிக்கோங்க, ஸ்பேரை நான் பில் போட்டு வாங்கித் தர்றேன், எது வேணும்னு நம்பரோட எழுதிக் கொடுங்க." நல்ல வேலைக்காரர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். பில்லில் பார்ட் நம்பர் இருக்கட்டும். ஜிஎஸ்டி போட்டால் அதிகமாகும் மேடம், பில் வேண்டாமே என்று கடையில் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம்தான், முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. அந்தப் பில் இல்லாமல் நாளைக்கு வாரண்டியும் கேட்க முடியாது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவும் கையில் ஆதாரம் இருக்காது.

கேள்வி: பெட்ரோல் கார். ஒருமுறை ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து ஓவர் ஹீட் ஆனது. அதற்குப் பிறகு இரண்டு முறை ஹெட் கேஸ்கட் மாற்றியாயிற்று, மறுபடி தண்ணீர் குறைகிறது. கேஸ்கட் தரம் சரியில்லையா? பழைய போல்ட்டையே போட்டார்கள், அது தப்பா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டு தடவை போனதென்றால் கேஸ்கட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. ஓவர் ஹீட் ஆன அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) வளைந்திருக்கும். நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும், பெரும்பாலான கார்களில் 0.05 மி.மீ. அளவுக்கு மேல் வளைவு இருந்தாலே கவனிக்க வேண்டியதுதான், சரியான எல்லை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு பிளாக்கின் மேல்பரப்பை விட்டுவிடுவார்கள், அதையும் பாருங்கள். ஹெட்டை அடைத்து, சுடுதண்ணீரில் முக்கி, காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று சோதிக்கும் பட்டறைகள் உண்டு. வால்வு சீட்டுகளுக்கு நடுவே மயிரிழை விரிசல் இருந்தால் அதில்தான் தெரியும். ரொம்பச் சூடு கண்ட ஹெட் மெத்தென்று ஆகிவிடும். கடினத்தன்மை சோதனையில் குறைவாக வந்தால், பரப்பை மட்டமாகச் சீவித் தளம் எடுத்துப் பயனில்லை, போல்ட் இறுக்கும்போதே அமுங்கும்.

கேஸ்கட் என்ன வகை என்பதும் முக்கியம். உங்கள் இன்ஜினுக்கு அடுக்கடுக்கான ஸ்டீல் தகட்டு கேஸ்கட் வந்திருந்தால் அதையேதான் போட வேண்டும், அது கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பைக் கேட்கும். சொரசொரப்பாகத் தளம் எடுத்த ஹெட்டில் அது நிற்காது. அதற்காக மேலே பேஸ்ட் தடவுவது, காப்பர் கேஸ்கட் வெட்டிப் போடுவது எல்லாம் வேண்டாம். டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பல டீசல் இன்ஜின்களுக்கு ஹெட் கேஸ்கட் இரண்டு மூன்று கனத்தில் வரும், ஓரத்தில் உள்ள துளை அல்லது வெட்டுக் குறிகளின் எண்ணிக்கைதான் அடையாளம், பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து அதற்கேற்றதைப் போட வேண்டும்.

போல்ட் விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரிதான். டார்க் (முறுக்கு விசை) கொடுத்தபின் இன்னொரு 90 டிகிரி என்று கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட்டுகள் நீண்டு கொடுப்பதற்காகவே செய்தவை. பல கம்பெனிகள் அவற்றை ஒருமுறைக்கு மேல் போடக் கூடாது என்றே சொல்கின்றன, சில அளந்து பார்த்துப் போடலாம் என்று நீள எல்லை கொடுக்கின்றன. உங்கள் வண்டியில் இது மூன்றாவது முறை, புதிது வாங்குங்கள். போடும் முன் பிளாக்கின் போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கிறதா என்று பார்த்து ஊதி எடுக்கச் சொல்லுங்கள். தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் பொய்யான அளவைக் காட்டும், பிளாக்கே விரிசல் விடவும் கூடும். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி இரண்டையும் இந்தத் தடவையே மாற்றிவிடுங்கள். இரண்டும் சின்னச் செலவுதான், அவை வேலை செய்யாததால் புது கேஸ்கட் போகக் கூடாது.

கேள்வி: இன்ஜின் வேலை பார்ப்பதற்குப் பதில் புதுப்பேட்டை பழைய ஸ்பேர் கடைகளில் செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கி மாட்டிவிடலாம் என்கிறான் நண்பன். செலவு குறைவு, வேலையும் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்கிறான். செய்யலாமா?
– வாசகர், சென்னை குரோம்பேட்டை

பதில்: செய்யலாம், ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் அளவுக்குச் சுலபமில்லை. பிளாக்கே உடைந்துபோன வண்டிக்கு அது நியாயமான வழி. சாதாரண ரிங் தேய்மானத்துக்கு, தெரியாத இன்ஜினை வாங்குவதைவிடத் தெரிந்த இன்ஜினைச் சரி செய்வதே மேல் என்பது என் கருத்து.

வாங்குவதானால் இன்ஜின் நம்பர் பதித்த இடத்தை முதலில் பாருங்கள். தேய்த்த தடம், மறுபடி அடித்த எழுத்து, பெயிண்ட் பூச்சு இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வந்துவிடுங்கள், அது திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கு ஆவணமும் பில்லும் கேளுங்கள். சென்னையில் 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஏர் இன்டேக் குழாயைக் கழற்றி உள்ளே வண்டல் படிந்திருக்கிறதா, ஆயில் மூடியைத் திறந்தால் துருவோ பால் நிறப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் உள்ளே இழுத்த இன்ஜினில் ராடு வளைந்திருக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு நேரான கம்பியை விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் மேலே வரும்போது எவ்வளவு உயரம் வருகிறது என்று பாருங்கள், வளைந்த ராடு உள்ளது மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும். கம்ப்ரஷன் சோதனையும் அங்கேயே செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுவும் வேலை கேட்கும் இன்ஜின்தான்.

மாட்டியபின் அப்படியே ஓட்டிவிடாதீர்கள். ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் மாற வேண்டும். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது, எப்படியானாலும் மாற்றியதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் கொடுங்கள். ஆர்.சி.யில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றால் விபத்து நடக்கும் நாளில்தான் அதன் வலி தெரியும். செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் மாட்டும் முன் கிராங்க் சீல், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் அல்லது செயின் கிட் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், வெளியே இருக்கும்போது அது சில மணி நேர வேலை.

கேள்வி: அப்பா காலத்து அம்பாசடர், இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜின். ரிங் போய்ப் புகை தள்ளுகிறது. ஒரு பழைய கடையில் பெட்டி பிரிக்காத கம்பெனி ஸ்பேர் மொத்தமாக இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வாங்குங்கள், ஆனால் பிரித்து வாங்குங்கள். அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது, அந்தப் பெட்டிகள் அதற்கும் பல வருடம் முந்தியதாக இருக்கலாம். பிஸ்டன், வால்வு, மெழுகுத்தாளில் சுற்றிய பேரிங் போன்ற உலோகச் சாமான்கள் துரு இல்லாமல் இருந்தால் தங்கம்தான். ரப்பர், கார்க் சாமான்களை எடுக்காதீர்கள். வால்வு சீல், கிராங்க் சீல், கார்க் கேஸ்கட், வாட்டர் பம்ப் சீல் எல்லாம் பெட்டிக்குள்ளேயே விறைத்துப் போயிருக்கும், விரலால் மடித்தாலே வெடிப்பு தெரியும். அவற்றை இப்போது தயாரித்ததாக வாங்குங்கள்.

ரிங் அந்தக் கடையில் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். உங்கள் இன்ஜினின் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 84 மி.மீ. பிஸ்டனின் பள்ளங்களின் அகலம், ஆழம் அளந்து எடுத்துக்கொண்டு போனால், ரிங் தயாரிப்பாளர்களின் கேட்டலாக்கில் மாடல் பெயரை விட்டுவிட்டு அளவை வைத்தே தேட முடியும். சிலிண்டர் தேய்ந்து, துளையைப் பெரிதாக்கி போர் செய்ய வேண்டியிருந்தால், ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் கையில் வந்தபின் போர் செய்யுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி வைத்துத்தான் லேத்காரர் துளையைப் பெரிதாக்க வேண்டும், அது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கணக்கு. முதலில் போர் செய்துவிட்டு அந்த சைஸ் பிஸ்டன் கிடைக்காமல் பிளாக்கை மூலையில் போட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: இன்ஜின் வேலை முடிந்து வண்டி நாளை கைக்கு வருகிறது. நல்ல ஸ்பேர்தான் போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எப்படி ஓட்ட வேண்டும்?
– வாசகர், கரூர்

பதில்: நாளைக்குத்தான் வருகிறது என்றால் ஒரு விஷயத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன், எரிபொருள் போகாமல் செய்துவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். பேரிங்குக்கு ஆயில் எட்டாமல் ஓடும் முதல் சில நொடிகள் அதற்குக் கெடுதல். ஆயில் கிரேடு உங்கள் மேனுவலில் சொன்னதுதான், புது இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆனபின் மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது பழைய பழக்கம், அதனால் ரிங் போரோடு படியாது. தண்ணீரும் ஆயிலும் சரியா, எங்கும் கசிவில்லையா என்று பார்த்துவிட்டு ரோட்டில் எடுங்கள். முதல் 1000 கி.மீ. ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முழு லோடு, ஏற்காடு ஏற்றம் எல்லாம் அப்புறம். அந்த 1000 கி.மீ. முடிவதற்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மாவு போல் லேசான மினுமினுப்பு முதல் தடவை இருப்பது சகஜம். நகம் பட்டால் தட்டுப்படும் அளவுக்குத் துகள் இருந்தால் அதன்மேல் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு, ரிங்கோ செயினோ கேமோ தேய்கிறது. ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறமாகவோ இருந்தால் பேரிங்காக இருக்கலாம், அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் அந்தத் தாளையும் ஸ்பேர் பில்லையும் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.